‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ நாலையும் மேடையோரத்தில் நின்று பார்ப்பது எப்படி

மதுரையில் 28 வருஷமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். முளைப்பாரித் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆர்கெஸ்ட்ரா என்று என் பாக்ஸும் மிக்சரும் போகாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. கிராமத்து மேடைகளில் மிக்சரை எதிரே வைக்க இடம் கிடைக்காது. மேடைக்குப் பக்கவாட்டில், துணிமறைப்புக்குப் பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவரின் ஒரு காது தெரியும், கழுத்து நரம்பு தெரியும், மைக் பிடிக்காத கை தெரியும். முகம் ஜனங்களுக்கு. நடுங்குகிற அந்த இன்னொரு கை எனக்கு.

சினிமாவையும் அந்தக் கோணத்திலேயே பார்த்துப் பழகிவிட்டேன். அதற்குத் தோதான படம் ஒன்று உண்டென்றால் அது ஹாலிவுட் நாலு தடவை எடுத்த ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’. 1937, 1954, 1976, 2018. என் மகள் கல்லூரியிலிருந்து வந்தவள், போனில் 2018 படத்தின் ‘ஷாலோ’ பாட்டை ஓட்டிக் காட்டி, “அப்பா, இத முழுசாப் பாக்கணும்” என்றாள். அப்படித் தொடங்கி நாலையும் பார்த்தோம். முதல் தடவை தப்பான முறையில் பார்த்துக் கெடுத்துக்கொண்டோம். இரண்டாவது தடவை சரியாக அமைந்தது. அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையை ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. புகழின் உச்சியில் நின்று குடியில் சரிந்துகொண்டிருக்கும் ஒருவன், யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் திறமையைக் கண்டுபிடித்து மேலே தூக்கிவிடுகிறான். இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவள் ஏற ஏற அவன் இறங்குகிறான். அவள் விருது வாங்கும் இரவில் குடித்துவிட்டு வந்து மானத்தை வாங்குகிறான். கடைசியில் தன்னால் அவள் வாழ்க்கை வீணாகிறது என்று செத்துப்போகிறான். அவள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு மறுபடி சபைக்கு முன்னால் நிற்கிறாள். முதல் இரண்டு படத்திலும் அவர்கள் சினிமாக்காரர்கள், பின்னிரண்டில் பாட்டுக்காரர்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையை மட்டுமல்ல, படத்தையும் விட்டுவிடலாம். முடிவு தெரிந்து பார்க்கவேண்டிய கதை இது, கூத்து மாதிரி.

வரிசையை முதலில் மாற்றுங்கள்

நாங்கள் செய்த தப்பு, ஆண்டு வரிசையில் பார்த்தது. 1937 படம் நன்றாகவே போனது. அடுத்த ஞாயிறு 1954. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் நடுவே படத்துக்குள் படமாக ஒரு நீளமான பாட்டுத்தொகுப்பு வரும், ‘பார்ன் இன் எ டிரங்க்’ என்று. அது முடிவதற்குள் என் வீட்டம்மா தூங்கிவிட்டாள், மகள் போனை எடுத்துவிட்டாள். அதோடு ஒரு மாதம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது நான் சொல்லும் வரிசை: 1937, 2018, 1954, 1976. நாலு ஞாயிறு, ஞாயிறுக்கு ஒன்று. ஒரே நாளில் இரண்டு போடாதீர்கள். இரண்டு சாவை ஒரே ராத்திரியில் தாங்க முடியாது.

1937-ல் தொடங்கச் சொல்வது அது பழையது என்பதற்காக இல்லை. அதில் பாட்டே கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதையின் எலும்பு எங்கெங்கே இருக்கிறது என்று சதை மறைக்காமல் தெரியும். அடுத்து 2018-க்குத் தாவினால், 81 வருஷத்தில் எந்த எலும்பு அப்படியே இருக்கிறது, எதை மாற்றினார்கள் என்று பளிச்சென்று கண்ணில் படும். அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் ருசி பிடித்துவிடும், 1954-ன் நீளத்தைத் தாங்குவார்கள். 1976 ஏன் கடைசி என்பதை அங்கே வரும்போது சொல்கிறேன்.

உட்காருவதற்கு முன்

டிவியில் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். இன்றைய தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் பின்னாலோ அடியிலோ பார்த்துக்கொண்டிருக்கும், சத்தம் சுவரில் மோதித்தான் நம்மிடம் வரும். குரலை நம்பி எடுத்த படத்துக்கு இது அநியாயம். சின்னதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர், அல்லது நல்ல ஹெட்போன் போதும். ஸ்பீக்கரை டிவிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். பேஸை ஏற்றிவைக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பேஸ் ஏறினால் மூச்சு கேட்காது. இந்தப் படங்களில் பாதிக் கதை மூச்சில் இருக்கிறது.

எந்தப் பிரதி என்பதையும் பார்த்து வாங்கவேண்டும். 1937 படத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் போட்டு விற்கிறார்கள். வெளிறிப்போன பிரதியில் பார்த்தால் டெக்னிகலரின் அருமையே தெரியாது. அந்த வண்ண ஒளிப்பதிவுக்காகத் தனியாகச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்த படம் அது. செப்பனிட்ட பிரதியைத் தேடுங்கள். 1954 படத்துக்கு ஓடும் நேரத்தைப் பாருங்கள்: 154 நிமிடம் என்று இருந்தால் அது வெட்டுப்பட்டது. 176 நிமிடம் இருப்பதை எடுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். நாலு படத்துக்கும் ஐந்தே கேள்விகள் போதும். அவள் குரலை, அல்லது திறமையை, அவன் முதலில் எங்கே நின்று கண்டுகொள்கிறான்? அவள் பெயரை யார் என்ன செய்கிறார்கள்? விருது இரவில் அவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான்? தான் அவளுக்குப் பாரம் என்று அவனுக்கு யார் வாயால் தெரிகிறது? கடைசியில் அவள் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறாள்? படம் ஓடும்போது எழுதாதீர்கள். முடிந்ததும் சாப்பாட்டுக்கு முன் எழுதுங்கள், சண்டை வரும், வரட்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாலிலும் குடி இருக்கிறது, மூன்றில் தற்கொலை இருக்கிறது, நாலாவதில் அதற்கு நெருக்கமான ஒன்று. வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்து புண் ஆறாமல் இருப்பவர்களையும், குடியை விட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களையும் கேட்காமல் கூட்டி உட்காரவைக்காதீர்கள். கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எங்கள் டிரம்ஸ் தம்பி ஒருவன் 2018 படத்தின் முதல் அரைமணி நேரத்தில் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துவிட்டான். நான் கேட்டிருக்கவேண்டும்.

முதல் ஞாயிறு: 1937

தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், இயக்குநர் வில்லியம் வெல்மன். வடக்கு டகோட்டாப் பனியிலிருந்து பாட்டி கொடுத்த காசோடு ஹாலிவுட்டுக்கு வரும் எஸ்தராக ஜேனட் கேனர். சரியும் நட்சத்திரம் நார்மன் மெய்னாக ஃபிரெட்ரிக் மார்ச். ஆஸ்கர் தொடங்கியபோது முதல் சிறந்த நடிகை விருதை வாங்கியவர் இதே ஜேனட் கேனர்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு விருது விருந்துக் காட்சியைப் பாருங்கள். அவள் நன்றி சொல்லும்போது அவன் உள்ளே வருகிறான், பேசுகிறான், கையை வீசுகிறான், கை அவள் கன்னத்தில் படுகிறது. சபை அமைதியாகிவிடும். பின்னணி இசை வந்து நம்மைக் காப்பாற்றாது. இசையில்லாத அமைதி எவ்வளவு சத்தமானது என்பதை இந்தப் படத்தில்தான் பழகிக்கொள்ளவேண்டும்.

பெயர் மாற்றம் இங்கே தொழிற்சாலை வேலை மாதிரி நடக்கும். எஸ்தர் விக்டோரியா பிளாட்ஜட் என்ற பெயரை ஸ்டுடியோ அலுவலகத்தில் வைத்து உருட்டி, விக்கி லெஸ்டர் ஆக்கிவிடுவார்கள்.

“இன்னொரு தடவை உன்னைப் பார்த்துக்கொள்ளட்டுமா” என்று நார்மன் சொல்வதை விட்டுவிடாதீர்கள். முதலில் விளையாட்டாகச் சொல்வான். கடலுக்குள் நடந்து போவதற்கு முன்னும் அதையேதான் கேட்பான். நாலு படத்திலும் இந்த வரி ஏதோ ஒரு ரூபத்தில் வரும்.

கடைசியில் ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலில் மைக் முன்னால் நின்று, “நான் மிஸஸ் நார்மன் மெய்ன்” என்கிறாள். எங்கள் வீட்டில் சண்டை இங்கேதான் தொடங்கியது. மகள், “அவ பேரு எங்கப்பா போச்சு? மொதல்ல ஸ்டுடியோ புடுங்குச்சு, இப்ப புருஷன்” என்றாள். வீட்டம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “செத்தவன் பேர நாலு பேர் முன்னால சொல்ல ஒருத்தியாவது இருக்காளேன்னு பாரு” என்றாள். இரண்டையும் நோட்டில் எழுதிவைத்தோம்.

ஆர்வம் இருந்தால், இதற்கும் முன்னால் 1932-ல் இதே செல்ஸ்னிக் தயாரித்த ‘வாட் பிரைஸ் ஹாலிவுட்?’ இருக்கிறது. ஓட்டலில் பரிமாறும் பெண், குடிகார இயக்குநர். இந்தக் கதையின் நாற்றங்கால் அது. அதன் இயக்குநர் ஜார்ஜ் க்யூகர்தான் 22 வருஷம் கழித்து 1954 படத்தையும் எடுத்தார். கட்டாயமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஞாயிறு: 2018

பிராட்லி கூப்பரே இயக்கி, ஜாக்சன் மெய்ன் என்ற ராக் பாடகனாக நடித்திருக்கிறார். பெண் ஆலியாக லேடி காகா. என் தொழில்காரன் கொண்டாடவேண்டிய படம், காரணம் சொல்கிறேன்.

பாட்டுக் காட்சிகளில் இருவரும் நிஜமாகவே பாடியிருக்கிறார்கள், பிறகு ஸ்டுடியோவில் பாடி ஒட்டவில்லை. ஆனால் பாடிய இடத்தில் அந்தப் பாட்டு பெரிய ஸ்பீக்கரில் வரவே இல்லை. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் மாரோவின் ஏற்பாடு அது: வாத்தியங்கள் பாடுகிறவர்களின் காதுக்கருவிக்குள் மட்டும், குரல் நேராகப் பதிவுக் கருவிக்கு. வாத்தியச் சத்தம் குரல் மைக்கில் ஏறாமல் சுத்தமாகக் கிடைக்கும், புதுப்பாட்டும் கூட்டத்தின் போன் வழியாக வெளியே கசியாது. முன்னால் நிற்கும் ஜனங்களுக்குப் பாடுகிறவரின் வெறும் தொண்டைதான் கேட்டிருக்கும். எங்கள் ஊரில் இப்படி ஒரு நிமிடம் பாக்ஸை அடக்கினால் சேரைத் தூக்கி எறிவார்கள்.

அதனால் செய்யவேண்டியது: ‘ஷாலோ’ மேடைக்காட்சியை முதலில் படத்தோடு பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். அவள் துணிமறைப்புக்குப் பின்னால் நிற்கிறாள், அவன் அவள் எழுதிய பாட்டைத் தொடங்கிவிடுகிறான், அவள் மைக்குக்கு வந்து முதல் வரியை எடுக்கும்போது குரலில் காற்று அதிகம், சுரம் குறைவு. முகத்தைக் கையால் மறைத்துக்கொள்வாள். எத்தனையோ புதுப் பிள்ளைகளை மேடையோரத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன், அது நடிப்பு மாதிரி இல்லை. முதல் சரணம் தொண்டையில்தான் இருக்கும். பயம் போனபின்தான் குரல் வயிற்றுக்கு இறங்கும். கேமராவும் பெரும்பாலும் ஜனங்கள் பக்கம் போகாமல் மேடையிலேயே நிற்கிறது. என் பெஞ்சு இருக்கிற இடம்.

ஜாக்சனுக்குக் காதில் இரைச்சல். ‘கீ’ என்ற அந்த ஒற்றைச் சுரத்தை நமக்கும் கேட்கவைத்திருக்கிறார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் எங்கெல்லாம் வருகிறது என்று பிடிக்கலாம். எனக்கும் இடது காதில் அது இருக்கிறது. ராத்திரி பேன் ஓடாவிட்டால் தூக்கம் வராது.

பெயரை யாரும் மாற்றவில்லை. முடியின் நிறம் மாறுகிறது, பின்னால் ஆடுவதற்கு ஆட்கள் வருகிறார்கள், அவள் முகம் விளம்பரப் பலகையில் ஒரு கட்டடம் உயரத்துக்கு நிற்கிறது. முதல் இரண்டு படத்திலும் தான் பாரம் என்பதை அவன் படுக்கையில் கிடந்து ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்வான். அவள் அவன்மேல் உள்ள அன்பில் “எல்லாத்தையும் விட்டுர்றேன்” என்று வேறொருவரிடம் சொல்வது அவன் காதில் விழும். 2018-ல் அவளுடைய மேனேஜர் நேருக்கு நேர் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். இந்த ஒரு மாற்றத்தில் அன்பு வெளியே போய் கணக்கு உள்ளே வந்துவிட்டது. எனக்குப் பழையதுதான் பிடித்தது, மகளுக்குப் புதியது.

கிராமி விருது இரவைப் பார்க்கும்போது, ஆலியின் விருதுக்கு முன்னால் வரும் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். பழைய அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசனுக்கு அஞ்சலியாக ஒரு பாட்டு. ஜாக்சன் பாடுவதாக இருந்தது. வேறு ஆளைப் பாடவைத்துவிட்டு அவனைப் பின்னால் கிட்டார் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு அவன் விருது மேடையில் அவள் பக்கத்தில் நிற்கமுடியாமல் நின்று சிறுநீர் கழித்துவிடுவதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கிட்டார்தான் வலித்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்துத் திருவிழா. டி.எம்.எஸ். பாட்டுக்கென்றே கூப்பிடும் ஒரு பாடகர், எங்களுக்கெல்லாம் அண்ணன். ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ரா பெயரைவிடப் பெரிதாக அவர் பெயரைப் போஸ்டரில் போடுவார்கள். அன்று வரும்போதே வாசம் அடித்தது. இரண்டாவது சரணத்தில் வரி மறந்து, முதல் சரணத்தையே திரும்பப் பாடினார், சுருதியும் இறங்கிவிட்டது. கீழே விசில். கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்துப் படியேறி என்னிடம் வந்து, உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார். மூணாம் நம்பர் ஃபேடர், அவர் மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் விசை. இறக்கினேன். ஒரேயடியாக இல்லை. கூடப் பாடும் பெண்ணுடையதை ஏற்றிக்கொண்டே, அவருடையதைக் கொஞ்சம் கொஞ்சமாக. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மிக்சரில் ஃபேடரை இறக்கினால், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பாக்ஸிலும் சேர்ந்து இறங்கும். தன் குரல் வற்றுவது பாடுகிறவனுக்குத்தான் முதலில் கேட்கும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஆனால் பாடுவதை நிறுத்தவில்லை, வாயசைத்துப் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

இதை மகளிடம் அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு: 1954

மதியம் மூன்று மணிக்கே ஆரம்பியுங்கள். ‘பார்ன் இன் எ டிரங்க்’ தொகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் நிறுத்தி, டீ, பஜ்ஜி, எல்லாம். மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்ப்பேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள்.

நடுவில் சில இடங்களில் படம் அசையாமல் நின்று, குரல் மட்டும் ஓடும். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து என் வீட்டம்மா ரிமோட்டை எல்லாப் பக்கமும் அமுக்கி, மெனுவெல்லாம் வேறு மொழிக்கு மாறி, பத்து நிமிடம் போனது. கெடவில்லை. 1954 செப்டம்பரில் முதல் காட்சிக்கு வந்தபோது படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு நாளைக்குக் காட்சிகள் குறைகிறது என்று தியேட்டர்காரர்கள் முனக, வார்னர் பிரதர்ஸ் இயக்குநரை வைத்துக்கொள்ளாமலே வெட்டி 154 நிமிடம் ஆக்கிவிட்டது. ரொனால்ட் ஹேவர் என்பவர் கிடங்கு கிடங்காகத் தேடியதில் முழுப்படத்தின் ஒலி கிடைத்தது, வெட்டிய பாட்டுகளும் கிடைத்தன. ஆனால் சில காட்சிகளின் பிலிம் கிடைக்கவில்லை. அந்த இடங்களில் புகைப்படங்களை வைத்து ஒலியை ஓடவிட்டு 1983-ல் வெளியிட்டார்கள். குரல் பிழைத்து, முகம் தொலைந்திருக்கிறது. புகழைப் பற்றிய படத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

ஜூடி கார்லண்ட் எஸ்தர், ஜேம்ஸ் மேசன் நார்மன். ஒரே ஒரு காட்சியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ‘தி மேன் தட் காட் அவே’ பாட்டைப் பாருங்கள். கடை மூடியபின் கிளப்பில் வாத்தியக்காரர்கள் தங்களுக்காக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மைக் கிடையாது, ஜனம் கிடையாது. டிராம்போன் ஒன்று இழுக்கிறது. அவள் முனகலாகத் தொடங்கி முழுத் தொண்டைக்கு ஏறுகிறாள். கேமரா வெட்டில்லாமல் கூடவே போகிறது. நார்மன் இருட்டில் நின்று கேட்கிறான். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்ததுதான், நமக்கு அது புதிதில்லை. ஆனால் இங்கே குரலும் உடம்பும் ஒரே ஆளுடையவை. கை எங்கே போகிறது, தோள் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள்.

பெயர் மாற்றத்தை இதில் ரொம்ப அழகாக வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்க ஜன்னலில் போய் நிற்கிறாள், அங்கேதான் தன் பெயர் இனி விக்கி லெஸ்டர் என்று அவளுக்கே தெரிகிறது. பின்னால், பார்சல் கொண்டுவருகிறவன் நார்மனிடம் கையெழுத்து வாங்கும்போது அவனை “மிஸ்டர் லெஸ்டர்” என்று கூப்பிட்டுவிட்டுப் போவான். மேசன் அந்த இடத்தில் எதையுமே செய்யமாட்டார். செய்யாமல் இருப்பதைப் பாருங்கள்.

கார்லண்டைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தால் படமே வேறாகத் தெரியும். சிறுமியாக எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் சேர்ந்து, 1950-ல் அங்கிருந்து வெளியேறியவர். மாத்திரை, படப்பிடிப்புக்கு வராமை, எல்லாம் ஊரறிந்தது. இந்தப் படம்தான் அவர் திரும்பி வந்த படம். ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணாக நடிக்கிறவர், நிஜத்தில் நார்மன் மெய்ன் நின்ற படியில் நிற்கிறார். ஆஸ்கர் நிச்சயம் என்றார்கள். பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்ததால் டிவிக்காரர்கள் அங்கேயே கேமராவோடு காத்திருந்தார்கள். விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது, ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விருது அறிவித்தபின் ஒயர் சுருட்டும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் ஞாயிறு: 1976

நாலில் சுமாரானது இதுதான், அதனால்தான் கடைசி. முதலில் பார்த்தால் மற்ற மூன்றையும் பார்க்கமாட்டீர்கள். நடுவில் காதல் காட்சிகள் இழுக்கும், நான் அந்த நேரத்தில் தோசைக்கு மாவு கரைத்தேன். நாயகி பார்பரா ஸ்ட்ரைசண்டின் உடைகளைப் பார்த்து வீட்டில் கேலி நடக்கும், நடக்கட்டும்.

ஆனால் சத்தத்துக்காகப் பாருங்கள். பெரிய கச்சேரிக் காட்சியை அரிசோனாவின் டெம்பியில் ஒரு விளையாட்டு மைதானத்தில் நிஜக்கூட்டத்தை வைத்து எடுத்தார்கள். டால்பி ஸ்டீரியோவில் வந்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. ‘எவர்கிரீன்’ பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கிறது, ஸ்ட்ரைசண்ட் மெட்டமைத்து, பால் வில்லியம்ஸ் எழுதி, ஆஸ்கர் வாங்கியது. இருவரும் ஒரு மைக்கை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ஆணாக நடித்த கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் நிஜமாகவே பாட்டெழுதிப் பாடுகிறவர், அந்த நாட்களில் நன்றாகக் குடித்தவரும்கூட. படத்தில் தன் பிணத்தைத் தானே பார்த்ததுதான் குடியை விடவைத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் அவர் மேடையேறவேண்டிய நேரத்திலிருந்து சில நிமிடங்களை பிராட்லி கூப்பருக்கு விட்டுக்கொடுத்தார். 2018 படத்தின் ஒரு கச்சேரிக் காட்சி அங்கே எடுத்ததுதான். ஒரு படத்தில் சரிந்த பாடகன் அடுத்த படத்தில் சரியப்போகிறவனுக்கு மேடையைக் கொடுத்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் என் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இறுதிக்காட்சியில் எழுந்து போகாதீர்கள். எஸ்தர் ஹாஃப்மன் ஹோவர்ட் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். தன் பெயரையும் விடவில்லை, அவன் பெயரையும் விடவில்லை. மகள் “அப்பாடா” என்றாள். பிறகு பாட்டு. அந்தப் பழைய ‘இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்’ வசனம் இங்கே பாட்டின் பல்லவியாகவே ஆகிவிடும். கேமரா அவள் முகத்தைவிட்டு நகராமல், வெட்டாமல், நிமிடக்கணக்கில் நிற்கும்.

நாலும் முடிந்தபின்

இந்தியிலும் இதே எலும்பில் சதை வைத்தது உண்டு. 2013-ல் வந்த ‘ஆஷிகி 2’ பார்த்தவர்களுக்கு மேலே சொன்ன ஐந்து கேள்விகளும் அங்கேயும் பொருந்துவது தெரியும். அமிதாபும் ஜெயாவும் நடித்த 1973-ன் ‘அபிமான்’ வேறு வழியில் போய் வீட்டுக்குத் திரும்பிவிடும். பொறுமை இருந்தால் ஐந்தாவது ஞாயிறுக்கு அது.

எங்களுக்குப் பொறுமை இல்லை. ஐந்தாவது ஞாயிறு ஒரே ஒரு காட்சியை மட்டும் மறுபடி ஓட்டினோம், நீங்களும் ஓட்டுங்கள். 1954 படத்தின் தொடக்கத்தில் வரும் ஷ்ரைன் அரங்கு. எஸ்தரும் கூட இருப்பவர்களும் பாடி ஆடிக்கொண்டிருக்கும்போது நார்மன் முழுபோதையில் மேடைக்குள் தடுமாறி நுழைந்துவிடுகிறான். ஜனங்களுக்குப் புரிவதற்குள் அவள் அவன் கையைப் பிடித்து, அவன் தள்ளாட்டத்தையே ஆட்டத்தின் ஒரு பகுதி ஆக்கி, ஒரு சுற்று சுற்றவைத்து, சிரித்துக்கொண்டே ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறாள். சபை கைதட்டுகிறது. அவன் யாரென்று அறிமுகம்கூட ஆகவில்லை.

மகள் அந்த இடத்தில் நிறுத்தினாள். திரையில் கார்லண்டின் கை மேசனின் முழங்கையில் இருந்தது.

“இப்படியும் பண்ணியிருக்கலாம்லப்பா” என்றாள்.

ரிமோட்டை அவள் கையிலிருந்து வாங்கி ஓடவிட்டேன்.